மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள்?

தெற்கு லண்டனில் ஒரு மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். காலையில் கடை திறந்த முதல் அரைமணி நேரம் கட்டட வேலைக்குப் போகிறவர்களுடையது. சாரம் கட்டுபவர், பிளம்பர், பெயிண்டர் என்று வரிசையாக வருவார்கள். பாதிப் பேர் கையில் ஆவி பறக்கும் பேப்பர் கப் இருக்கும். உள்ளே பில்டர்ஸ் டீ.

நம் கணக்கில் சொன்னால் கொத்தனார் டீ. பெரிய மக்கில் டீ பேக்கைப் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, நாலைந்து நிமிடம் அப்படியே விட்டு, கரண்டியால் பையை ஒரு பிழி பிழிந்து எடுப்பார்கள். பால் பேருக்குத்தான். சர்க்கரை இரண்டு கரண்டி. கரண்டியை நட்டால் நிற்க வேண்டும் என்று இங்கே விளையாட்டாகச் சொல்வார்கள். பிஜி டிப்ஸ், டெட்லி, யார்க்‌ஷயர் டீ என்று பிராண்டுக்காகச் சண்டையே போடுவார்கள். பெரும்பாலும் கென்யா, அஸ்ஸாம் பக்கத்து இலைகளின் கலவைதான். பொடிப்பொடியாக நொறுக்கிய சி.டி.சி. தூள் என்பதால் சாறு சீக்கிரம் இறங்கிவிடும்.

இந்த டீயின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நானும் குடிப்பவன்தான். பிரிட்டனில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. நாளுக்கு இரண்டு கப்பும் அதற்கு மேலும் கறுப்புத் தேநீர் (பால் சேர்க்காதது என்று பொருளில்லை, பச்சைத் தேநீர் அல்லாத வழக்கமான டீ) குடித்தவர்களிடம் இறப்பு விகிதம் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. அதற்கு டீதான் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் டீயை விஷம் என்று எழுதுகிற வாட்ஸ்அப் செய்திகளைத் தள்ளிவிட அது போதும். கடையில் நான் பார்க்கும் தொல்லையெல்லாம் டீயை எந்த நேரத்தில் குடிக்கிறார்கள் என்பதால் வருவது.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர் வருவார், சாரம் கட்டும் வேலை. இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று ஃபெரஸ் சல்பேட் 200 மில்லிகிராம் மாத்திரை எழுதியிருந்தார்கள். மூன்றாவது மாதம் மருந்து வாங்க வந்தபோது, "இன்னும் ஏணி ஏறினால் மூச்சு வாங்குது" என்றார். தவறாமல் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. எதோடு விழுங்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"டீயோடுதான். வேற எதோட?"

விளக்கிச் சொல்வதைவிடக் காட்டுவது சுலபம் என்று தோன்றியது. காலாவதியாகி அழிப்பதற்காக எடுத்து வைத்திருந்த மாத்திரை ஒன்றைப் பொடித்து, என் டீயில் கொஞ்சம் எடுத்து அதில் போட்டுக் கலக்கினேன். செங்கல் நிறத்தில் இருந்த டீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே மை போலக் கறுத்தது. மனிதர் தன் கப்பை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார்.

இரும்பு அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கியவர்களுக்கு இதில் அதிசயம் இருக்காது. அரிவாள்மனையும் கறுக்கும், விரலும் கறுக்கும். கடுக்காயோடு இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சிய காலமும் உண்டு. எல்லாம் ஒரே வேலைதான். துவர்ப்பைத் தருகிற பாலிபீனால்கள் இரும்பைக் கண்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். குடலுக்குள்ளும் அப்படித்தான். பிடிபட்ட இரும்பு உடலுக்குள் சேராமல் வெளியே போய்விடும். டீ எவ்வளவு ஸ்ட்ராங்கோ அவ்வளவு துவர்ப்பு, அவ்வளவு நஷ்டம்.

"பால்தான் சேர்க்கிறோமே, துவர்ப்பு போய்விடாதா?" இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு முறையாவது வரும். நாக்குக்குப் போய்விடும், உண்மைதான். பாலில் இருக்கும் புரதம் டானின் என்கிற துவர்ப்புப் பாலிபீனாலோடு ஒட்டிக்கொள்வதால் வாயில் துவர்ப்பதில்லை. ஆனால் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் ரொட்டி உணவோடு கறுப்புத் தேநீர் கொடுத்துப் பார்த்தார்கள். உணவிலிருந்து உடல் எடுத்துக்கொண்ட இரும்பு 79 முதல் 94 சதவீதம் வரை குறைந்தது. பால் சேர்த்தும் பார்த்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை.

ரொட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனில் வெள்ளை மாவில் இரும்புச்சத்து சேர்த்தே விற்க வேண்டும் என்பது சட்டம். சோகை வராமல் இருக்க அரசாங்கம் மாவில் இரும்பைப் போடுகிறது. காலையில் டோஸ்ட்டோடு குடிக்கும் டீ அதில் ஒரு பங்கைப் பிடித்து வெளியே அனுப்புகிறது! இறைச்சியில் இருக்கும் இரும்பு வேறு வகை, அதை டீயால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே அதிகம் கவனிக்க வேண்டியவர்கள் சைவம் சாப்பிடுகிறவர்கள், மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகிற பெண்கள், கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள். பருப்பும் கீரையுமாகச் சாப்பிட்டுவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும் நம் வீடுகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தாலே பாதிப்பு நன்றாகக் குறைகிறது. மாத்திரையைத் தண்ணீரோடு அல்லது ஆரஞ்சு ஜூஸோடு போடலாம்.

சாரக்காரரிடம் இன்னொன்றும் கேட்டேன்: குடலைப் பரிசோதித்தார்களா? மலப் பரிசோதனை முடிந்து, மேல்பரிசோதனைக்கு நாள் குறித்திருப்பதாகச் சொன்னார். இது முக்கியம். ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துச் சோகை வந்தால், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். "டீதான் காரணமாம், குறைச்சுட்டேன்" என்று டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

அடுத்தது தைராய்டு. இலங்கையிலிருந்து வந்த ஒரு அக்கா, தைராய்டு சுரப்புக் குறைவுக்கான லெவோதைராக்சின் மாத்திரை எடுப்பவர். டோஸ் இரண்டு முறை ஏறியும் இரத்தப் பரிசோதனையில் அளவு சரியாகவில்லை. "தம்பி, நான் குளிசை ஒரு நாளும் விடுறதில்லை" என்றார். படுக்கையை விட்டு எழுந்ததும் தேத்தண்ணி, அதோடு குளிசை. தேத்தண்ணி இல்லாமல் தனக்குக் கண் திறக்காது என்றார். இந்த மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும். டீ, காபி, காலை உணவு எல்லாம் குறைந்தது அரைமணி நேரம் கழித்து. இரும்பு மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும், இரும்பும் தைராக்சினை விடாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மக் டீயில் சுமார் 75 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு இங்கே சொல்லப்படும் வரம்பு நாளுக்கு 200. மூன்றாவது மக்கில் அதைத் தாண்டிவிடுவார்கள். சர்க்கரை கணக்கு இன்னும் மோசம். ஒரு கரண்டி 4 கிராம் என்றால், இரண்டு கரண்டி வீதம் ஆறு மக்குக்கு 48 கிராம். பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். சொல்வது 30 கிராம்தான். கட்டட வேலைத் தளத்தில் ஆறு மக் என்பது ரொம்பச் சாதாரணம்.

அப்புறம் சூடு. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் வகைப்படுத்தியது. அங்கே குற்றவாளி சூடு மட்டும்தான், எந்தப் பானம் என்பது கணக்கில்லை. ஆற்றிக் குடிக்கிற நம் பழக்கம் இந்த விஷயத்தில் ரொம்ப நல்ல பழக்கம்.

அளவு மீறினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2013-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த அமெரிக்கப் பெண்ணின் கதை உண்டு. வயது 47. நாளுக்கு 100 முதல் 150 டீ பேக் போட்டுக் காய்ச்சி, 17 ஆண்டுகள் குடித்திருக்கிறார். தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். அது அவருடைய எலும்பில் படிந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம், ஆறு மக் ஆசாமிகளும் அந்த அக்கரைக்குப் போவதில்லை.

சாரக்காரர் காலை டீயை விடுவதாக இல்லை. நானும் கேட்கவில்லை. இரும்பு மாத்திரையைப் படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டார், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அக்காவின் விஷயத்தில் மட்டும் அவருடைய டாக்டருக்கு ஒரு குறிப்பு அனுப்பினேன். மாத்திரை இனி முழுதாக உடலில் சேரும்போது, ஏற்கெனவே கூட்டிய டோஸ் அதிகமாகிவிடலாம். படபடப்பு, தூக்கமின்மை வந்தால் உடனே சொல்லச் சொல்லியிருக்கிறேன். ஆறு வாரம் கழித்து இரத்தப் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறார்.