டாரிஃப்: வரியா, பட்டியலா?

இறக்குமதி பற்றிய பேச்சில் 'டாரிஃப்' என்றால் வரி என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பாதிதான் சரி. அறிவித்தல் என்று பொருள்படும் 'தஅரீஃப்' என்ற அரபுச் சொல் இத்தாலியத்தில் 'தரிஃபா' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று அறிவிக்கும் பட்டியலே அதன் மூலப்பொருள். ஸ்பெயினின் தரிஃபா துறைமுகத்தில் வரி வாங்கியதால் வந்த பெயர் என்பது வெறும் கட்டுக்கதை.

தமிழில் வரிக்குச் சொற்பஞ்சம் இல்லை. துறைமுகத்தில் வாங்கும் வரியைக் குறளும் பட்டினப்பாலையும் 'உல்கு' என்கின்றன. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பட்டம் உண்டு. இலங்கைத் தமிழில் 'தீர்வை' இன்றும் அன்றாடச் சொல். ஆனால் இவை எல்லாம் தொகையைக் குறிப்பவை. டாரிஃபுக்குத் 'தீர்வைப் பட்டியல்' என்பதும், சரக்குக்கு அதில் இடம் குறிப்பதற்குத் 'தீர்வை வகைப்பாடு' என்பதும் பொருந்தும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்குப் பஞ்சு பொம்மையைவிட நல்ல சான்று கிடைக்காது. சரக்குகளை வகைபிரித்து இலக்கம் தரும் உலகச் சுங்க அமைப்பின் ஒத்திசைவு முறை 1988 முதல் நடப்பில் உள்ளது. அதில் முதல் ஆறு இலக்கங்கள் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொது; அதற்கு மேல் அவரவர் விருப்பம். விளையாட்டுப் பொருள்கள் 95ஆம் அத்தியாயம். பஞ்சு பொம்மை 9503.00.

2007 வரை மனித உருவம் மட்டும் 9502, விலங்கும் பிற உயிரும் 9503 என்று பிரிந்திருந்தன. நாம் இரண்டையும் 'பொம்மை' என்றே சொல்வதால் இந்தப் பிரிவு நமக்கு விசித்திரமாகப் படும். அமெரிக்காவிலோ ஒரு காலத்தில் அது பணமாகவும் இருந்தது: மனித உருவுக்கு 12%, மற்றதற்கு 6.8%. எக்ஸ்-மென் என்ற சித்திரக்கதை நாயகர்களின் உருவங்கள் மனிதர்களா என்ற வழக்கு அதனால்தான் எழுந்தது. 'இல்லை' என்று 2003இல் அங்குள்ள பன்னாட்டு வணிக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 திருத்தம் இரண்டையும் 9503இல் சேர்த்துவிட்டது. ஆயினும் ஐரோப்பிய ஒன்றியம் எட்டு இலக்கத்தில் அந்தப் பிரிவை இன்னும் வைத்திருக்கிறது.

கரடி உருவில் இருப்பதெல்லாம் 9503 ஆகாது. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. முதுகில் மாட்டும் கரடிப் பை 4202இல் பையாகவே நிற்கும். தலைக்கு வைக்கும் திண்டாகச் செய்திருந்தால் 9404. நாய் கடித்து விளையாடவென்றே செய்த துணிப்பொம்மையை 95ஆம் அத்தியாயத்தின் 5ஆம் குறிப்பு வெளியே தள்ளுகிறது. எந்தப் பொருளால் செய்ததோ அதற்கு உரிய தலைப்புக்கு அது போகும். மாறாக, பஞ்சு அடைக்காமல் தைத்த உறையாக மட்டும் வந்தாலும், கரடி என்று தெரியும் அளவுக்கு முடிந்திருந்தால் முழுமையடையாத சரக்கையும் முழுச் சரக்காகவே கொள்ளும் பொதுவிதி 2(அ)வின்படி அது பொம்மைதான். உறைதானே என்று துணிப்பொருளாக எழுதினால் திருத்தமும் தாமதமும் வரும்.

ஆகவே விலைப்பட்டியலில் 'பொம்மை' என்று மட்டும் எழுதினால் போதாது. என்ன உருவம், மேல்துணி எது, உள்ளே என்ன அடைத்திருக்கிறது, ஜிப் இருந்தால் எதற்கு, யார் பயன்படுத்துவது என்ற விவரங்களும் படமும் வேண்டும். இலக்கம் உறுதியான பிறகுதான் விகிதத்தைப் பார்க்க முடியும். சந்தேகம் இருந்தால் சரக்கு கப்பலேறும் முன்பே எந்த இலக்கம் என்று சுங்கத்துறையிடம் முன்தீர்ப்பு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பல நாடுகளில் இந்த வசதி உண்டு.