கேமரா போர்டு செத்துவிட்டதா? முதலில் வோல்ட்டைப் பாருங்கள்

"சார், போர்டு டெட்." ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தைய வாரம் என் சர்வீஸ் மேஜைக்கு இப்படித்தான் வருவார்கள். பெரும்பாலும் கேமராவும் வைஃபையும் சேர்ந்த சின்ன இஎஸ்பி32-கேம் போர்டுதான். போர்டு அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்தால் 'பிரவுன்அவுட் டிடெக்டர்' என்ற வரி திரும்பத் திரும்ப ஓடும்; வோல்ட் குறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் காவல்காரன் அது. போர்டு சாகவில்லை, பட்டினி கிடக்கிறது.

ஃபிளாஷ் எரியாதபோது இந்த போர்டு 5 வோல்ட்டில் சுமார் 180 மில்லி ஆம்பியர் இழுக்கும். முழு வெளிச்சத்தில் எரிந்தால் 310. வைஃபை படம் அனுப்பும் நொடிகளில் திடீரென இன்னும் ஏறும்; அப்போது வோல்ட் சரியும். மீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால் அந்தச் சரிவு கண்ணில் படாது. 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே, போர்டை ஒட்டி, 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். மெல்லிய நீள ஒயரை மாற்றுங்கள். பாதிப் பேர் இதிலேயே சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மீதிப் பேர் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்லை நேராக 5 வோல்ட் பின்னில் கொடுத்திருப்பார்கள். போர்டில் 5 வோல்ட்டை 3.3 ஆகக் குறைக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் தனக்கென்று ஏறத்தாழ 1 வோல்ட்டை விழுங்கும். செல் 3.7க்கு இறங்கியதும் சிப்புக்கு மிஞ்சுவது 2.7 வோல்ட்; அதற்கு வேண்டியதோ குறைந்தது 3. அதே செல்லை 3.3 வோல்ட் பின்னில் கொடுத்தால் வேறு ஆபத்து: முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் போகும், 3.6க்கு மேல் சிப் தாங்காது. நடுவில் வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர் கட்டாயம். அந்த வகையில் எம்டி3608 வாங்கினால், போர்டை இணைப்பதற்கு முன்பே மீட்டர் வைத்து அதன் திருகை 5 வோல்ட்டுக்குத் திருகிவிடுங்கள். திருகாமல் இணைத்து இருபது வோல்ட்டுக்கு மேல் ஏற்றிக் கருக்கிய போர்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

ப்ரோகிராம் கோடில் பிரவுன்அவுட் டிடெக்டரையே அணைத்துவிடச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். புகை வருகிறது என்று அலாரத்தைப் பிடுங்குவது போன்றது அது.

எனக்கு உண்மையில் கவலை தருவது சார்ஜிங்தான். ஒரு மாணவர் 500 மில்லி ஆம்பியர்-ஹவர் பவுச் செல்லை (தட்டையான பை வடிவ லித்தியம் செல்) டிபி4056 என்ற சார்ஜிங் மாட்யூலில் போட்டுச் சார்ஜ் செய்து வந்தார். என்னிடம் கொண்டுவந்தபோது அது தலையணை மாதிரி உப்பியிருந்தது. அந்த மாட்யூல் கடையில் வாங்கியபடியே 1 ஆம்பியர் கொடுக்கும். அவ்வளவு சின்ன செல்லுக்கு அது இரு மடங்கு வேகம். மாட்யூலில் சார்ஜ் கரண்டைத் தீர்மானிக்கும் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 4.7 கிலோ ஓம் வைத்தால் ஏறக்குறைய 250 மில்லி ஆம்பியருக்கு இறங்கும். வாங்கும்போது அவுட் பிளஸ், அவுட் மைனஸ் என்று தனி இணைப்பிடங்கள் இருக்கிறதா என்றும் பாருங்கள். அவை இருக்கும் வகையில்தான் பாதுகாப்புச் சுற்று இருக்கும்.

உப்பிய செல்லைக் குத்தவோ அமுக்கவோ மறுபடி சார்ஜ் போடவோ கூடாது. அவருடையதை உலர்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, வாசலுக்கு வெளியே தள்ளி வைத்தேன். பிறகு மின்கழிவு எடுப்பவரிடம் ஒப்படைத்தோம்.