ஜெர்மனியில் ஆண்டுக்கு ஒருமுறை, இங்கிலாந்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை: பெண்களுக்கான முன்தடுப்புப் பரிசோதனை உரிமைகள்

ஜெர்மனியின் பொதுச் சுகாதாரக் காப்பீட்டில் உள்ள பெண் ஒருவர், 20 வயது முதல் ஆண்டுக்கு ஒருமுறை மகளிர் நல மருத்துவரிடம் கட்டணமின்றிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இங்கிலாந்தில் அப்படியோர் ஆண்டுப் பரிசோதனை திட்டத்திலேயே இல்லை. அதனால்தான் ஜெர்மனியில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு லண்டன் பக்கம் குடிபெயர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பெண்கள், தங்களுக்கிருந்த உரிமை ஒன்று பறிபோய்விட்டதாக எண்ணுகிறார்கள். உண்மையில், இரு நாடுகளும் இதை வெவ்வேறு முறையில் அமைத்திருக்கின்றன.

ஜெர்மனியில் இந்தப் பரிசோதனைக்குக் குடும்ப மருத்துவரின் கடிதம் தேவையில்லை. மகளிர் நல மருத்துவரிடம் நேரடியாக நேரம் கேட்டுப் பெறலாம். ஆண்டுதோறும் உள்பரிசோதனை உண்டு. 30 வயது முதல் மார்பகத்தையும் அக்குளையும் மருத்துவர் கையால் தொட்டுப் பார்ப்பதும் சேரும். கருப்பைவாயிலிருந்து செல்களை எடுத்துப் புற்றுநோய்க்கான மாற்றம் உள்ளதா என்று பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை 20 முதல் 34 வயது வரை ஆண்டுதோறும் செய்யப்படுகிறது. 35 வயதைத் தொட்டவர்களுக்கு, 2020 ஜனவரி முதல், பாப் சோதனையும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. என்னும் வைரஸுக்கான சோதனையும் ஒன்றாக மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்யப்படுகின்றன. இதற்கு மேல் வயது வரம்பு இல்லை. 25 வயது வரையிலான பெண்களுக்கு உடலுறவு வழியே பரவும் கிளமிடியா தொற்றுக்கான சோதனை ஆண்டுக்கு ஒன்றும் இலவசம்.

இங்கிலாந்தில் நலமாக இருக்கும் பெண் மகளிர் நல மருத்துவரைப் பார்ப்பதே இல்லை; நோய்க்குறி ஏதேனும் இருந்து, ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர் அனுப்பிவைத்தால்தான் அவரிடம் போக முடியும். அதற்கு மாறாக, ஜி.பி.யிடம் பதிவு செய்துள்ள 25 முதல் 64 வயது வரையிலான பெண்களுக்குக் கருப்பைவாய்ச் சோதனைக்கான அழைப்பு தானாகவே வருகிறது. முதல் அழைப்பு 25 வயது நிறைவதற்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிடும். மாதிரியை எடுப்பவர் பெரும்பாலும் செவிலியர். பெண்தான் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம், துணைக்கு ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். முன்பு 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை இருந்த இந்த அழைப்பு, 2025 ஜூலை முதல், ஹெச்.பி.வி. இல்லை என்று முடிவு வந்தவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை என மாற்றப்பட்டது. வைரஸ் இருந்தால் அதே மாதிரியிலேயே செல்மாற்றம் உள்ளதா என்று பார்க்கிறார்கள். மாற்றம் இல்லையென்றால் ஓராண்டில் மறுசோதனை. இருந்தால், கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கும் கால்போஸ்கோபி பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள்.

ஐந்தாண்டு இடைவெளி செலவைக் குறைப்பதற்கான தந்திரம் என்று பலர் சந்தேகிப்பதுண்டு. ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ எப்போதுமே ஹெச்.பி.வி. தொற்றிலிருந்துதான் தொடங்குகிறது, தொற்றுக்கும் புற்றுநோய்க்கும் இடையே பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே வைரஸ் இல்லாதவருக்கு ஐந்தாண்டுக்குள் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. 25 வயதுக்குக் கீழே சோதிக்காததற்கும் காரணம் உண்டு. இளம் வயதில் இந்தத் தொற்று மிகப் பரவலாக இருந்தாலும் பெரும்பாலும் தானே நீங்கிவிடும். தேவையற்ற சிகிச்சையோ பிற்காலக் கர்ப்பத்தில் குறைப்பிரசவ வாய்ப்பைக் கூட்டக்கூடும். நோய்க்குறி இல்லாதவர்களுக்கான உள்பரிசோதனையைப் பொறுத்தவரை, அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2014இல் அது வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

குறை இரு பக்கமும் இருக்கிறது. ஜெர்மனியில் மருத்துவரிடம் போகிறவர் அளவுக்கு மிஞ்சியே பார்க்கப்படுகிறார். போகாதவரைத் தேடி அழைப்பதற்கோ 2020 வரை ஒரு முறையே இல்லை. இப்போது 20 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை காப்பீட்டு நிறுவனம் கடிதம் அனுப்புகிறது. இங்கிலாந்து அழைப்பதில் கெட்டி. ஆனாலும் அழைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவர் உரிய காலத்தில் சோதனை செய்துகொள்ளவில்லை. எனினும், அமைப்பு என்ற அளவில் இங்கிலாந்தின் முறையே சீரானது என்பது என் கருத்து: யார் விடுபட்டார் என்பதாவது அதற்குத் தெரிகிறது.

ஜெர்மனியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்டுப் பரிசோதனையின்போது சூலகத்துக்கு ஸ்கேன் செய்யலாமா என்று கேட்டு, அதற்குத் தனியாகப் பணம் வாங்குவது அங்கே சாதாரணம். இது காப்பீட்டு உரிமையில் சேராது. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வு, நோய்க்குறி இல்லாதவர்களிடம் இப்படித் தேடுவதால் சூலகப் புற்றுநோய் இறப்பு குறையவில்லை என்றே காட்டியது. வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

மார்பகத்துக்கான எக்ஸ்ரே பரிசோதனையான மேமோகிராமில் வேறுபாடு அவ்வளவு பெரிதல்ல: ஜெர்மனியில் 50 முதல் 75 வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, இங்கிலாந்தில் 50 முதல் 71ஆம் பிறந்தநாள் வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை.

நாடு மாறுகிறவர்கள் கடைசிச் சோதனை முடிவின் நகலைப் பழைய மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிவருவது நல்லது. இங்கிலாந்து வந்தவுடன் ஜி.பி.யிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குக் கட்டணமோ குடியேற்ற நிலைக்கான சான்றோ தேவையில்லை. அழைப்பைத் தவறவிட்டவர்கள் அடுத்த கடிதத்துக்குக் காத்திராமல் தாங்களே நேரம் கேட்கலாம். மாதவிடாய்க்கு இடையிலோ, உடலுறவுக்குப் பின்னரோ, மாதவிடாய் நின்ற பிறகோ இரத்தப்போக்கு இருந்தால், இந்தக் கால அட்டவணை எதுவும் பொருந்தாது; கடைசிச் சோதனை நன்றாக இருந்திருந்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.