ஓடும்போதா, நின்ற பிறகா?

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. காலையில் அதில் ஏறுகிறவர்களில் சாமி கும்பிட வருகிறவர்கள் உண்டு, தொப்பையைக் குறைக்க வருகிறவர்கள் உண்டு, ஒரே நடையில் இரண்டையும் முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. தலைசுற்றி மயங்கி விழுந்ததாக என்னிடம் வந்த லாரிக்கார அண்ணன் மூன்றாவது வகை. வயது 54, இரத்தக் கொதிப்புக்கு இரண்டு மாத்திரை சாப்பிடுகிறவர். (இந்தக் கட்டுரையில் வருகிறவர்கள் எல்லாரும் என் கிளினிக்குக்கு வந்தவர்கள்தான். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.)

ஒரு சனிக்கிழமை நிற்காமல் மேலே ஏறிப் போய், வேர்வை சொட்டச் சொட்ட, கையைத் தலைக்கு மேல் கூப்பிக் கண்ணை மூடி நின்றிருக்கிறார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. காதில் ஒரு இரைச்சல், கண் இருட்டல், கால் துவண்டு அப்படியே சரிந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சாமி வந்துவிட்டது என்று நினைத்து நெற்றியில் திருநீறு பூசியிருக்கிறார்கள்.

"ஏறும்போது ஒண்ணுமே இல்ல டாக்டர். ஏறி முடிச்சு நின்னதும்தான்" என்றார். பாதி வேலை அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிட்டது.

படியேறும்போது தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் போகும் இரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்துகொள்கின்றன. அங்கே போன இரத்தம் நெஞ்சுக்குத் திரும்பி வரவேண்டுமே? அதைச் செய்வது கெண்டைக்கால் தசை. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் இறுகி, துணி பிழிவதுபோல இரத்தத்தை மேலே தள்ளும். சட்டென்று நின்றால் பிழிகிற வேலையும் நின்றுபோகும், ஆனால் விரிந்த குழாய்கள் உடனே சுருங்குவதில்லை. இரத்தம் காலிலேயே தேங்கிவிடும், மூளைக்குப் போவது குறையும். அவர் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று குழாயை விரிய வைப்பது, இன்னொன்று சிறுநீரை அதிகமாக்குவது. போதாக்குறைக்கு அன்று விரதம் வேறு, பசியாறாமலே ஏறியிருக்கிறார். படுக்க வைத்து அழுத்தம் பார்த்தேன், 138. எழுந்து நிற்கச் சொல்லி மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்த்தேன், 114. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் நாங்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம்.

மாத்திரையின் அளவையும் நேரத்தையும் கொஞ்சம் மாற்றினேன். அதோடு ஒரு யோசனையும் சொன்னேன்: மேலே போனதும் முதலில் பிரகாரம் சுற்றுங்கள், மெதுவாக, மூச்சு அடங்கும்வரை. அப்புறம் சந்நிதிக்குப் போங்கள். ஜிம் பயிற்சியாளர்கள் கடைசி ஐந்து பத்து நிமிடம் மெல்ல நடக்கச் சொல்வதும் இதற்காகத்தான். அவர்கள் சொன்னால் நம்மாட்கள் கேட்பதில்லை, பிரகாரம் என்றால் கேட்கிறார்கள்.

தலைசுற்றல் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்போது வந்தது என்பதைத்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதா, நின்ற பிறகா, குனிந்து நிமிரும்போதா, படுத்துத் திரும்பும்போதா? இரண்டாவது கேள்வி, எப்படி இருந்தது? தமிழில் "தலைசுத்துது" என்ற ஒரே சொல்லில் நான்கு நோயை அடக்கிவிடுகிறோம். அறை சுற்றுவது வேறு, கண் இருட்டிக்கொண்டு வருவது வேறு, தலை லேசாகிக் கிறுகிறுப்பது வேறு, கால் தள்ளாடுவது வேறு. வந்து உட்கார்ந்ததும் "பிரஷர் பாருங்க டாக்டர்" என்று கையை நீட்டுகிறார்கள். பார்க்கிறேன், ஆனால் முதலில் கதையைச் சொல்லுங்கள். அழுத்தமானி காட்டுவது இப்போது இருக்கிற எண், நீங்கள் விழுந்தது போன வாரம்.

அறை சுற்றுவதற்கு ஒரு டீச்சரைச் சொல்லலாம். ஐம்பதை நெருங்குகிறவர். யோகா வகுப்பில் படுத்த வாக்கில் வலது பக்கம் திரும்பியதும் கூரை விசிறி போட்டதுபோலச் சுழன்றிருக்கிறது, அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. எழுந்தால் ஒன்றுமில்லை, மறுபடி படுத்துத் திரும்பினால் மறுபடி சுழற்சி. மூளையில் கட்டி என்று முடிவுகட்டிக்கொண்டு, கணவரையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார். பரிசோதனை மேசையில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்தேன். இரண்டு மூன்று நொடி கழித்துக் கருவிழிகள் துடிக்கத் தொடங்கின, வட்டமடித்துத் துள்ளித் துள்ளி. கணவருக்கு அதைக் காட்டினேன், மனுஷன் பயந்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. உள்காதில் மணல்போன்ற சுண்ணாம்புத் துகள்கள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை பிய்ந்து, சமநிலை பார்க்கும் அரைவட்டக் குழாய்க்குள் நுழைந்துவிட்டால் தலை அசைகிறபோதெல்லாம் இப்படித்தான் ஆகும். மாத்திரையால் அந்த மணலை வெளியே எடுக்க முடியாது. தலையை ஒரு வரிசைப்படி நான்கு நிலைகளில் திருப்பினால் அது தானே பழைய இடத்துக்கு உருண்டு போய்விடும். டீச்சருக்கு அன்றே சரியானது. இதை வீடியோ பார்த்து வீட்டில் செய்துகொள்கிறவர்கள் பலர் தவறான பக்கத்துக்குச் செய்துவிட்டு, சரியாகவில்லை என்கிறார்கள். எந்தக் காது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜிம்மில் பளு தூக்கும் தம்பிகளுக்கு வருவது பெரும்பாலும் மூச்சடக்குவதால். பல்லைக் கடித்து மூச்சை அடக்கித் தூக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும், இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் தடைபடும். பளுவைக் கீழே வைத்து மூச்சை விட்டதும் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், கண்ணில் பூச்சி பறக்கும். தூக்கும்போது மூச்சை விட்டுப் பழகினாலே போதும். டிரெட்மில்லிலிருந்து இறங்கியதும் தரை நகர்வதுபோல இருப்பது நோயே இல்லை. அரை மணி நேரம் கால் ஓடியிருக்கிறது, கண் முன்னால் சுவர் அப்படியே நின்றிருக்கிறது, மூளை கொஞ்சம் குழம்பிப் போகிறது, அவ்வளவுதான். பவுடர் கலக்கிக் குடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போகிறவர்கள் மட்டும் அந்த டப்பாவை என்னிடம் எடுத்து வாருங்கள். அதில் எத்தனை கோப்பியின் காஃபின் இருக்கிறது என்று சேர்ந்து படிப்போம்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கதை தனி. ஒரு பெரியவர் தினமும் விடிகாலையில் தாவரவியல் பூங்காவில் நடப்பார். கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ ஒரு கப் குடித்துவிட்டு, குரங்குகள் பிடுங்கும் என்று கையில் எதையும் எடுக்காமல் போய்விடுவார். பசியாறுவது நடந்து முடித்துக் கூட்டாளிகளோடு. ஒருநாள் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறியிருக்கிறது. தசைகள் சர்க்கரையை எரிக்கின்றன, மாத்திரை கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, வயிற்றிலோ ஒன்றும் இல்லை. சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிக்லசைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும்தான் இந்த ஆபத்து. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம். நம் ஊர் மீட்டரில் (mmol/L அளவு) 4-க்குக் கீழே போனால் தாழ்ந்த சர்க்கரை. இந்திய வீடியோக்களில் 70 (mg/dL அளவு) என்று சொல்வதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கிளம்பும் முன் பாருங்கள், 5-க்குக் குறைவாக இருந்தால் நாலு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு நடங்கள். வழியில் தலை சுற்றினால் உட்கார்ந்து மூன்று நான்கு டீஸ்பூன் சீனி கரைத்த தண்ணீரோ ஒரு பாக்கெட் பழச்சாறோ குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கடையில் விற்கும் ஹண்ட்ரட் பிளஸ் பானமும் உதவும், ஆனால் சீனி இல்லாத வகையை வாங்கிவிடாதீர்கள். இதயத்துக்காக பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே சர்க்கரை இறங்கலாம். காரணமில்லாத வேர்வைதான் அவர்களுக்குத் துப்பு.

நம் வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: வேர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்ந்தால்தான் குளிர்கிறது. கடல்காற்றின் ஈரத்தில் வேர்வை காயாமல் சட்டையிலேயே ஊறி நிற்கும். உடம்போ குளிர்ந்தபாடில்லை, இன்னும் இன்னும் வேர்த்துத் தண்ணீரையும் உப்பையும் இழக்கும். ரொம்ப நேரம் ஓடுகிறவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவும் மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்பும் உள்ளே போகவேண்டும்.

பெண்களிடம் நான் மறக்காமல் கேட்பது மாதவிலக்கைப் பற்றி. "ஸும்பா ஆரம்பிச்ச பத்தாவது நிமிஷமே மூச்சு வாங்கித் தலை கிறுகிறுங்குது, வயசாயிடுச்சு போல" என்ற 38 வயதுக்காரிக்கு ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே இரத்தசோகை. மாதம் ஏழெட்டு நாள் கொட்டுவதை அவர் சாதாரணம் என்றே நினைத்திருந்தார், அவருடைய அம்மாவுக்கும் அப்படித்தானாம். சாப்பிட்ட கையோடு தே தாரிக் (பால் தேநீர்) குடிக்கும் பழக்கம் வேறு, சோற்றில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேர விடாது. நம் நாட்டில் தலசீமியா (இரும்பு குறையாமலே இரத்தசோகை தரும் பரம்பரைக் குறைபாடு) மரபணு உள்ளவர்களும் கணிசம் என்பதால் நீங்களாகவே இரும்பு மாத்திரை வாங்கிப் போடாமல் முதலில் இரத்தத்தைச் சோதித்துவிடுங்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. இனி சொல்லப்போவதில் நானே சறுக்கியிருக்கிறேன்.

24 வயதுப் பையன், ஃபுட்சால் விளையாடுகிறவன். முந்தின இரவு மைதானத்தில் விழுந்தானாம், வேலைக்குப் போகவில்லை, எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வேண்டும். கூட வந்த அம்மா, "ராத்திரி பூரா போன் டாக்டர், சரியா சாப்பிடறதே இல்ல" என்று முடித்து வைத்துவிட்டார். வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். அழுத்தம் சரி, சர்க்கரை சரி. தண்ணீர் நிறைய குடி, ஓய்வெடு என்று எம்சியை எழுதிக் கொடுத்தேன். கதவின் கைப்பிடியைப் பிடித்தவன் திரும்பி, "ஆனா டாக்டர், பந்தைத் துரத்தி ஓடிக்கிட்டே இருந்தேன், எப்ப விழுந்தேன்னே தெரியல. முட்டியெல்லாம் தேய்ஞ்சுபோச்சு" என்றான்.

நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு அவனே பதில் சொல்லிவிட்டான். நின்ற பிறகு மயங்குகிறவருக்குக் கண் இருட்டும், காது அடைக்கும், எங்கேயாவது பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், விளக்கை அணைத்ததுபோல விழுகிறவனுக்கு, வேறென்று நிரூபிக்கும்வரை, காரணம் இதயம்தான். மறுபடி உட்கார வைத்தேன். குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க சித்தப்பா... 36 வயசு, தூக்கத்துலயே" என்றார். ஈசிஜி எடுத்தேன், சரியாக இல்லை. அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினேன். எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத் தசை தடித்திருப்பது தெரிந்தது. பரம்பரையாக வருவது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்புறம் அப்பாவையும் தங்கையையும் பரிசோதித்தார்கள். தங்கைக்கும் இருந்தது.

அவனுக்கு நான் எழுதின முதல் எம்சியின் நகல் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

உடற்பயிற்சியின் நடுவில் மயங்கி விழுந்தாலோ, தலைசுற்றலோடு நெஞ்சு இறுக்கமோ, நெஞ்சு தாறுமாறாக அடிப்பதோ இருந்தாலோ, மருத்துவர் பார்க்கும்வரை மறுபடி பயிற்சி கிடையாது. வயதானவர்களுக்கு இதய வால்வு சுருங்கியிருந்தாலும் படியேறும்போது இப்படி ஆகும். வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை துவள்வது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது என்றால் பக்கவாதமாக இருக்கலாம். கிளினிக்கைத் தேடி வராமல் நேரே 999-ஐக் கூப்பிடுங்கள்.

யாராவது கண் முன்னால் மயங்கினால் நம்மாட்கள் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தத்தான் பார்ப்பார்கள். உடம்பு மூளைக்கு இரத்தம் போகட்டும் என்று தானே கீழே படுத்திருக்கிறது, நீங்கள் ஏன் நிறுத்துகிறீர்கள்? மல்லாக்கப் படுக்க வையுங்கள், காலை ஒரு பையின் மேல் தூக்கி வையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள். நினைவு திரும்பும்வரை வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சாதாரண மயக்கம் என்றால் ஒரு நிமிடத்துக்குள் கண் விழித்துவிடுவார். விழிக்கவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 999, உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். உடம்பு நெருப்பாய்க் கொதித்து ஆள் உளறினால் ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் தண்ணீரை ஊற்றி விசிறிக் குளிர வையுங்கள்.

அடுத்த நாள் கிளினிக்குக்கு வரும்போது விழுந்ததைப் பார்த்த ஒருவரையும் கூட்டி வாருங்கள். மருந்துப் பையையும் முழுதாகக் கொண்டு வாருங்கள், சீன மருந்துக்கடையில் வாங்கினது, ஊரிலிருந்து மச்சான் அனுப்பினது, புரோஸ்டேட்டுக்கு ராத்திரி போடுகிற அந்தச் சின்ன மாத்திரை எல்லாம் சேர்த்து.