பாப்கேட் தூக்க மறுத்தால் வயரை வெட்டாதீர்கள்

கப்பலின் ஹேட்ச்சுக்குள், அதாவது சரக்கறைக்குள், கடைசியாக மிஞ்சிக் கிடக்கும் நிலக்கரியை வழித்துக் குவிப்பதற்கு ஸ்கிட் ஸ்டீயர் லோடரைப் போல் வசதியான வண்டி வேறில்லை. கிரேனில் கட்டி உள்ளே இறக்கிவிட்டால், நின்ற இடத்திலேயே சுழன்று மூலைமுடுக்கெல்லாம் துடைத்துவிடும். எந்தக் கம்பெனியின் வண்டியாக இருந்தாலும் நம் பக்கத்தில் இதற்குப் பெயர் பாப்கேட்தான். தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி இவ்வண்டிகளின் மின்பழுதுகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இவற்றில் உண்மையிலேயே எரிந்துபோன பாகங்களைவிட, நன்றாக இருக்கும்போதே கழற்றி எறியப்பட்ட பாகங்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

அண்மையில் வந்த ஒரு வண்டியின் கதை இது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், பக்கெட் பாதி உயரத்தில் இருக்கும்போது அதைத் தாங்கும் தூக்குக் கை அப்படியே நின்றுவிடும், வண்டியும் நகராது. சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். சிறிது நேரத்தில் மறுபடியும் அதே தொல்லை. என்னிடம் வருமுன்பே, ஆள் உட்கார்ந்திருப்பதை வண்டிக்குச் சொல்லும் சீட் சுவிட்ச்சைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். அடுத்து வண்டியின் மின்னணு மூளையான கண்ட்ரோலரையே மாற்ற வேண்டும் என்று ஒருவர் விலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் மீட்டரை எடுப்பதற்கு முன் ஆபரேட்டரிடம் பேச்சுக் கொடுத்தேன். "பகல்ல ஒண்ணும் பண்ணாது அண்ணாச்சி, ராத்திரி லைட்டு போட்டாத்தான் மக்கர் பண்ணுது" என்றார். இதைப் பாகம் மாற்றியவர்களிடம் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, யாரும் தன்னைக் கேட்கவில்லை என்றார்.

பேட்டரியை அளந்தபோது ஓய்வில் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14.1 வோல்ட் இருந்தன. ஆகவே பேட்டரியிலும் டைனமோவிலும் குறையில்லை. பிறகு மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், சிவப்பு முனையைக் கேபினின் இரும்புச் சட்டத்திலும் வைத்தேன். விளக்குகள் அணைந்திருந்தபோது 0.1 வோல்ட்தான் காட்டியது. கேபின் மேலுள்ள நான்கு 55 வாட் விளக்குகளையும் போட்டவுடன் அது 2.3 வோல்ட்டுக்கு ஏறியது. நல்ல எர்த்தில், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியில், இந்த அளவு 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

இந்த வண்டிகளில் கேபின் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், சேஸிசுக்கும் கேபினுக்கும் இடையே மின்சாரம் திரும்பி வர ஒரு பின்னல் பட்டியோ ஒரு தடித்த வயரோதான் வழி. அந்தப் பட்டியின் லக்கை, அதாவது போல்ட்டில் மாட்டும் முனையை, கழற்றிப் பார்த்தபோது, நிலக்கரித் தூளும் உப்புக்காற்றின் ஈரமும் குழைந்து அதன் அடியில் மை போல் அப்பியிருந்தன. பின்னலில் பாதி இழைகள் அறுந்திருந்தன. விளக்குகள் இழுத்த ஏறக்குறைய 18 ஆம்பியர் மின்னோட்டத்துக்கு 2.3 வோல்ட் இழப்பு என்றால், அந்த இணைப்பின் தடை வெறும் 0.13 ஓம். சாதாரண மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்ப்பவருக்கு இது கண்ணில் படவே படாது. மீட்டர் 'கீ' என்று கத்தும், அவரும் எர்த் நன்றாக இருக்கிறது என்று நகர்ந்துவிடுவார். கண்ட்ரோலருக்கோ தன் காலடி நிலமே 2.3 வோல்ட் உயர்ந்துவிட்டது போன்ற நிலை. தனக்கு வரும் மின்னழுத்தம் சரிந்து, சென்சர்களின் அளவுகளும் பிசகும்போது, பாதுகாப்பு கருதி அது கையையும் சக்கரத்தையும் பூட்டிவிடுகிறது. புதுப் பட்டி போட்டு, இரும்பைப் பளபளவென்று தேய்த்து, வாசலின் தடவி முறுக்கிய பின், அதே விளக்குகளோடு 0.05 வோல்ட் வந்தது.

மின்பழுதை ஓடுகிற சுமையோடு அளக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். வயருக்குள் இருபது இழைகளில் ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். அந்த இடத்தில் ஒரு 21 வாட் பிரேக் பல்பைக் கொடுத்துப் பாருங்கள். பல்பு மங்கினால் வயர் போய்விட்டது என்று பொருள். ஆனால் இந்தப் பல்புச் சோதனை, விளக்குகள், சோலனாய்டு (மின்காந்தத்தால் இயங்கும் பாகம்) போன்றவற்றுக்குச் செல்லும் மின்வழிகளுக்கு மட்டுமே உரியது; கண்ட்ரோலருக்குச் செல்லும் சென்சர் வயர்களில் அதை வைத்தால், இல்லாத பழுதையும் நாமே உண்டாக்கிவிடுவோம்.

1957-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் வான்கோழிக் கொட்டகைக்குள் புகுந்து எரு வாருவதற்காகச் செய்த சிறு வண்டியே இந்த இனத்தின் முன்னோடி. அந்தச் சிறுமைதான் இன்றும் இதன் பலம். மின்பழுது பார்ப்பவனுக்கு அதுவே தலைவலி. இன்ஜினிலிருந்து கேபினுக்கு வரும் வயரிங் கட்டு, சூடான ஹைட்ராலிக் ஹோஸ்களோடு தோளுரசிக்கொண்டு வருகிறது. கேபினைச் சாய்க்கும் கீல் அருகிலும், கட்டு இரும்பைத் தொட்டு வளையும் இடங்களிலும் உறை தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உரக் கப்பலில், குறிப்பாகப் பொட்டாஷில், வேலை செய்த வண்டி என்றால் வயர்களை இணைக்கும் கப்ளர்களைத் திறந்து பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். கப்ளருக்குள் புகுந்த உப்பு, வயரின் உறைக்குள்ளேயே ஏறிச் செம்பைக் களிம்பு பிடிக்க வைத்துவிடும். வெளியே புத்தம் புதிதாகத் தெரியும் வயரைச் சீவினால் உள்ளே பச்சைப் பொடி கொட்டும். கப்பலிலிருந்து ஏறியவுடன் பிரஷர் வாஷரைக் கப்ளர் மேலேயே பிடிக்கும் ஹெல்பர்கள் இந்த உப்பைக் கழுவுவதாக நினைக்கிறார்கள். உண்மையில் உள்ளே தள்ளுகிறார்கள்.

செல்ப் எடுக்காத வண்டிக்கு அருகில் நிற்கும் டிப்பரிலிருந்து கேபிள் இழுத்து ஜம்ப் கொடுப்பது இங்கே அன்றாடக் காட்சி. டிப்பரில் இருப்பது 24 வோல்ட், பாப்கேட்டில் இருப்பது 12. இன்ஜின் உயிர் பெற்றாலும், கண்ட்ரோலர் அன்றே உயிரை விடலாம். அதேபோல் பக்கெட்டில் வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவையும் கண்ட்ரோலரின் கப்ளரையும் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். பியூஸ் எரிந்த இடத்தில் சிகரெட் தாளைச் சுருட்டி வைப்பவர்களைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை.

மேலே சொன்ன வண்டிக்குத் திரும்புகிறேன். எர்த்தைச் சரிசெய்த பின் வயரிங்கை ஒழுங்குபடுத்தும்போது, ஆபரேட்டரின் மடிக்கு மேல் இறக்கும் பாதுகாப்புக் கம்பியான சீட் பாரின் சென்சர் கப்ளருக்குப் பின்னால் கறுப்பு டேப் சுற்றிய ஒரு துண்டு வயரைக் கண்டேன். யாரோ ஒருவர், சீட் பார் எப்போதும் இறங்கியிருப்பதாகக் கண்ட்ரோலர் நம்பும்படி 'டைரக்ட்' கொடுத்துப் பார்த்திருக்கிறார். பழுது தீரவில்லை, ஆனால் வயரை மட்டும் எடுக்காமல் போய்விட்டார். ஆபரேட்டருக்கு இது தெரியாது.

இந்த வண்டியில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வழி முன்பக்கம்தான்; பக்கெட்டை மிதித்து, இரண்டு தூக்குக் கைகளுக்கும் நடுவே புகுந்துதான் வெளியே வர வேண்டும். சீட் பாரைத் தூக்கியவுடன் ஹைட்ராலிக் பூட்டிக்கொள்வது அதற்காகத்தான். பூட்டு வேலை செய்யாத வண்டியில், கை உயரத்தில் இருக்கும்போது எழுந்து வெளியே குனிபவரின் முழங்காலோ சட்டை நுனியோ லீவரில் பட்டால், கேபின் சட்டத்துக்கும் இறங்கி வரும் கைக்கும் இடையில் அவர் நசுங்குவார். ஹேட்ச்சுக்குள் என்றால், அவரை மேலே கொண்டுவரவும் கிரேன் வேண்டும்.

அந்த வயரை எடுத்துவிட்டு, வண்டியைச் சமதரையில் ஆளில்லாத இடத்தில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டேன். சீட்டில் உட்கார்ந்தபடியே சீட் பாரைத் தூக்கி, லீவர்களை லேசாக அசைத்துப் பார்த்தேன், எதுவும் நகரவில்லை. பாரை இறக்கியதும் எல்லாம் நகர்ந்தன. பத்து முறை செய்தும் பத்து முறையும் அப்படியே. அந்தச் சென்சரில் தொடக்கத்திலிருந்தே எந்தப் பழுதும் இருந்ததில்லை.