பாசனத்துக்கு இலவச செயற்கைக்கோள் படம்: யார் எடுக்கலாம், எப்படிப் பார்ப்பது

வயலின் எந்த மூலை காய்கிறது என்று வானிலிருந்து பார்க்க யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். கோப்பர்நிக்கஸ் என்ற ஐரோப்பியப் புவிக்கண்காணிப்புத் திட்டத்தின் சென்டினல் படங்களை ஐரோப்பிய ஒன்றியத்தின் 1159/2013 எண் விதி எல்லோருக்கும் திறந்துவிட்டது. எந்த நாட்டவர், விவசாயியா வியாபாரியா என்ற பாகுபாடு இல்லை. படத்தை வைத்துச் சம்பாதிக்கவும் தடையில்லை. வெளியிடும்போது மட்டும் கோப்பர்நிக்கஸ் சென்டினல் தரவு என்பதையும் ஆண்டையும் குறிப்பிட வேண்டும்.

சிறு வயலுக்கு சென்டினல்-2 தான் பொருந்தும்: 10 மீட்டர் கட்டம் (படத்தின் ஒரு புள்ளி தரையில் காட்டும் அளவு), சுமார் 5 நாளுக்கு ஒரு படம். லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை வரும். பயிரின் வெப்பத்தையும் அவை அளக்கும். ஆனால் வெப்பம் அளக்கும் உணரி பார்ப்பது 100 மீட்டர் கட்டம், அதாவது முழுதாக ஒரு ஹெக்டேர். கோப்பு 30 மீட்டர் என்று வந்தாலும் ஏமாற வேண்டாம். பக்கத்து வயலும் சாலையும் அதில் கலந்திருக்கும்.

கோப்பர்நிக்கஸ் டேட்டா ஸ்பேஸ் தளத்தில் படம் பார்க்கக் கணக்கு தேவையில்லை. பதிவிறக்க இலவசக் கணக்கு போதும். திருத்தம் செய்யாத எல்1சி வகைக் கோப்பு வேண்டாம், காற்றுமண்டலத் திருத்தம் செய்த எல்2ஏ எடுங்கள். அதோடு வரும் எஸ்சிஎல் அடுக்கு, ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது என்ன என்பதை எண்ணால் சொல்லும். 3 என்றால் மேக நிழல். 8, 9, 10 மேகம். அந்தக் கட்டங்களை விட்டுவிடுங்கள். நிழலை வறட்சி என்று படிப்பவர்கள் நிறைய.

பசுமைக் குறியீடான என்டிவிஐக்கு, பி8 (அண்மை அகச்சிவப்பு ஒளி) அடுக்கின் எண்ணிலிருந்து பி4 (சிவப்பு ஒளி) அடுக்கின் எண்ணைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 2022 ஜனவரி 25-க்குப் பிறகு வந்த கோப்புகளில் ஒவ்வொரு எண்ணிலும் 1000 கூடுதலாக இருக்கும். பி8 4000, பி4 1500 என்று வைத்துக்கொள்வோம். அப்படியே போட்டால் 0.45, ஆயிரத்தைக் கழித்துப் போட்டால் 0.71. நல்ல பயிரை நோஞ்சான் என்று நினைத்துத் தண்ணீரைத் திறந்துவிட இந்த ஒரு பிழை போதும்.

எவ்வளவு பாய்ச்சுவது என்பதைப் படம் மட்டும் சொல்லாது. வானிலை நிலையம் தரும் ஆதார நீராவிப்போக்கை (அன்றைய வானிலையில் புல்தரை ஒன்று இழக்கும் நீர்) பயிர்க் குணகத்தால் (உங்கள் பயிரின் தேவைக்கேற்ற பெருக்கெண்) பெருக்க வேண்டும். நாளுக்கு 5 மி.மீ., குணகம் 0.8 என்றால் 4 மி.மீ.; ஹெக்டேருக்கு 40,000 லிட்டர். மழையைக் கழித்து, பாசனத்தில் வீணாவதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பசுமை குறைவது படத்தில் தெரியும்போது பயிர் ஏற்கெனவே வாடியிருக்கும். அதனால் இன்றைக்கு மோட்டார் போடலாமா என்பதற்கு மண்ணைத் தோண்டிப் பார்ப்பதே மேல். படத்தின் பலம் வேறு: குறை எங்கே என்று காட்டுவது. வெளிர்ந்த பகுதி நேர்கோடாக இருந்தால் சொட்டுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். வாய்க்காலின் கடைசியில் விரிந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. ஒழுங்கில்லாத திட்டாக, ஆண்டுதோறும் அதே இடத்தில் வந்தால் மண்ணே வேறு. பூச்சியும் உப்பும்கூட இப்படித்தான் தெரியும். நேரில் போய்ப் பார்க்காமல் மடையைத் திறக்கக் கூடாது.

இந்த இலவச உரிமை ட்ரோனுக்குப் பொருந்தாது. பறக்கவிட அந்தந்த நாட்டின் வான்வெளி விதிகள் உண்டு. ட்ரோனில் வெப்பப் படம் எடுப்பதானால் மேகமில்லாத நாளில் நண்பகலையொட்டி எடுங்கள். தண்ணீர் பற்றாத பயிருக்கும் மற்றதற்கும் வெப்ப வித்தியாசம் காலையில் அவ்வளவாகத் தெரியாது.