டிரான்சிஸ்டரை மாற்றும் முன், அதைக் கொன்றது எது என்று பாருங்கள்

தொட்டி காலியாகக் கிடக்கும், மோட்டார் ஓடாது. இல்லையென்றால் தொட்டி நிறைந்து மாடியெல்லாம் வழியும், மோட்டார் நிற்காது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்து வீடுகளில் மாட்டியிருக்கும் ஆட்டோமேட்டிக் மோட்டார் கண்ட்ரோலர் பழுதுக்கு வந்தால் புகார் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 1என்4007 டையோடு, ஒரு கெப்பாசிட்டர், மோட்டாரை ஆன்–ஆஃப் செய்யும் காந்த ஸ்விட்சான 12 வோல்ட் ரிலே ஒன்று, அதை இயக்கும் பிசி547 டிரான்சிஸ்டர் இரண்டு மூன்று. எது போயிருக்கிறது என்று பார்த்து, சில ரூபாய்க்குப் புதிது வாங்கிப் போட்டு மூடிவிடுகிறார்கள். அடுத்த மழைக்கு அதே போர்டு அதே பழுதோடு திரும்பி வருகிறது. டிரான்சிஸ்டர் தானாகச் சாவது அபூர்வம். அதைக் கொன்றது இன்னும் அந்தப் போர்டிலேயே இருக்கிறது.

டையோடுக்கும் டிரான்சிஸ்டருக்கும் உள்ளே நடப்பது என்ன? இரண்டும் சிலிக்கானால் ஆனவை. சுத்தமான சிலிக்கான் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதில் மிக நுண்ணிய அளவில் பாஸ்பரஸ் சேர்த்தால் எலக்ட்ரான் மிகும், அது என் வகை. போரான் சேர்த்தால் எலக்ட்ரானுக்கு இடம் காலியாகும், அது பி வகை. இரண்டும் சேரும் எல்லையில் ஒரு வெற்றுப் பகுதி உண்டாகி, அணைபோல் மறிக்கிறது. பி பக்கம் பிளஸ் கொடுத்து 0.6 அல்லது 0.7 வோல்ட்டைத் தொட்டதும் அணை திறந்துகொள்கிறது. திருப்பிக் கொடுத்தால் அது இன்னும் அகலமாகி மறிக்கும். டையோடு என்பது இவ்வளவுதான். டிரான்சிஸ்டரில் இப்படி இரண்டு எல்லைகள், கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று மூன்று கால்கள். நடுவில் உள்ள மெல்லிய பேஸுக்குள் சிறு மின்னோட்டம் புகுந்தால், கலெக்டரிலிருந்து எமிட்டருக்கு அதைப் போல நூறு மடங்கு, இருநூறு மடங்கு பாயும்.

முதல் எதிரி உப்பு. இந்த 'இருநூறு மடங்கு' கடற்கரையில் வினையாகிறது. குளச்சல், முட்டம், கடியபட்டணம் பக்கத்திலிருந்து வரும் போர்டுகளைத் தொட்டாலே பிசுபிசுக்கும். ஈயப் பற்றைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் உப்புப் படலம். 12 வோல்ட் தடத்துக்கும் பேஸுக்கும் இடையே அந்தப் படலம் ஒரு மெகாஓம் அளவுக்குக் கடத்தினாலும் சுமார் 11 மைக்ரோஆம்பியர் கசியும். இருநூறால் பெருக்குங்கள்: 2 மில்லிஆம்பியருக்கு மேல். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும் 'நிறைந்துவிட்டது' என்று போர்டு முடிவுகட்ட இது போதும். இங்கே டிரான்சிஸ்டர் மேல் குற்றமே இல்லை. பல் துலக்கும் பழைய பிரஷ்ஷை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, அக்ரிலிக் கோட்டிங் ஸ்பிரே அடியுங்கள். ரிலேயிலும் கனெக்டரிலும் அது படக்கூடாது. கூடவே பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 47 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று. 14 மைக்ரோஆம்பியர் வரையிலான கசிவை அது தானே வாங்கிக்கொள்ளும், டிரான்சிஸ்டர் விழிக்காது.

இரண்டாவது எதிரி இடி. சித்திரையின் கோடை மழைக்கும் ஐப்பசி, கார்த்திகைக்கும் குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை பக்கம் இடி பலமாக இருக்கும். மாடித் தொட்டியிலிருந்து கீழே வரும் சென்சார் வயர் ஒரு ஏரியல்தான். மின்னல் வீட்டில் விழ வேண்டியதில்லை, அக்கம்பக்கத்தில் விழுந்தாலே அந்த வயரில் வோல்டேஜ் தூண்டப்படும். பிசி547-இன் பேஸ்–எமிட்டர் எல்லை திருப்பிப் போட்டால் 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அதனால் வயர் பேஸைத் தொடும் இடத்துக்குப் பக்கத்திலேயே 10 கிலோஓம் தொடராகவும், 1என்4148 டையோடின் பட்டை (உடம்பில் கோடு போட்ட முனை) பேஸிலும் மறுமுனை எமிட்டரிலும் இருக்கும்படியும் போட்டுவிடுங்கள். மெயின் லைனில் ஃப்யூஸுக்குப் பிறகு, இரண்டு வயருக்கும் குறுக்கே, எகிறும் வோல்டேஜை உறிஞ்சும் 275 வோல்ட் எம்ஓவி ஒன்று. நேரடி இடிக்கு இதெல்லாம் நிற்காது. மழை கருக்கும்போது பிளக்கைப் பிடுங்குவதுதான் வழி.

மூன்றாவது எதிரி போர்டுக்குள்ளேயே இருக்கும் ரிலே. டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தை நிறுத்தும் கணத்தில் ரிலே காயிலின் காந்தப்புலம் சரிந்து, நூறு வோல்ட்டுக்கு மேல் எகிறும். பிசி547 தாங்குவது 45. காயிலுக்குக் குறுக்கே இருக்கும் டையோடுதான் அந்த எகிறலைச் சுற்றிவிட்டு அடக்குகிறது. அது உள்ளே அறுந்து ஓப்பன் ஆகியிருந்தால் எத்தனை டிரான்சிஸ்டர் போட்டாலும் போகும். பட்டை பிளஸ் பக்கம் இருக்கவேண்டும். மாற்றிப் போட்டால் ரிலே இழுக்கும் முன்னமே டிரான்சிஸ்டர் காலி.

சோதிக்கும் முறை. மெயினைத் துண்டித்து, மல்டிமீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். கருப்பு முனை பட்டையில், சிவப்பு மறுமுனையில்: 0.5 முதல் 0.7. திருப்பினால் ஒன்றும் காட்டக்கூடாது. இரு பக்கமும் பூஜ்யம் என்றால் ஷார்ட், இரு பக்கமும் ஒன்றுமில்லை என்றால் ஓப்பன். போர்டில் வைத்தே பார்த்தால் பக்கத்துப் பாகங்கள் ஏமாற்றும், ஒரு காலைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். பழைய முள் மீட்டரில் ஓம் நிலையில் கருப்பு முனைதான் பிளஸ். இது தெரியாமல் நல்ல டையோடைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. பிசி547-க்குச் சிவப்பு முனையைப் பேஸில் வைத்து மற்ற இரண்டு காலையும் தொட்டால் இரண்டிலும் 0.65 அளவுக்கு வரும். சற்றுக் கூடுதலாகக் காட்டுவது எமிட்டர். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரு பக்கமும் எதுவும் காட்டக்கூடாது.

மின்சாரம் கொடுத்த நிலையில் பார்ப்பது இன்னும் தெளிவு. ஆனால் ரிலேயின் கான்டாக்ட் பக்கம் அதே போர்டில் 230 வோல்ட் ஓடுகிறது, ஒரு கையால் மட்டும் வேலை செய்யுங்கள். பேஸில் 0.7, கலெக்டர்–எமிட்டர் 0.2 என்றால் டிரான்சிஸ்டர் ஒழுங்காக வேலை செய்கிறது. பேஸில் 0.7 இருந்தும் கலெக்டரில் 12 அப்படியே நின்றால் அது போயிற்று. பேஸில் 2, 3 வோல்ட் காட்டினால் பேஸ்–எமிட்டர் எல்லை அறுந்திருக்கிறது. ரிலே கடகடவென்று அடித்தால் டிரான்சிஸ்டரைத் தொடவே வேண்டாம், நான்கு டையோடில் ஒன்று ஓப்பனா என்றும் கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாற்றுப் பாகத்தில் இரண்டு கவனம். பிசி547-ஐத் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். இன்னொரு டிரான்சிஸ்டரான சி1815-இல் எமிட்டர், கலெக்டர், பேஸ். அதே துளையில் அப்படியே செருகினால் வேலை செய்யாது. எஸ்எம்பிஎஸ் (அதிவேகமாக ஆன்–ஆஃப் செய்து வோல்டேஜைக் குறைக்கும் பவர் சப்ளை) போர்டின் வெளியீட்டுப் பக்கத்தில் 1என்4007 போடாதீர்கள். அது 50 ஹெர்ட்ஸுக்கு உரிய மெதுவான டையோடு. பல்லாயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் மூட நேரம் கிடைக்காமல் கொதித்துப் போகும். அங்கே யூஎஃப்4007 மாதிரி வேகமான டையோடோ ஷாட்கி வகை டையோடோ, பழையதன் ஆம்பியரும் வோல்ட்டும் குறையாமல் போடவேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 325 வோல்ட் வரை நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்காமல், ஹோல்டரில் மாட்டிய 60 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரையும் அதன் இரண்டு காலில் சில விநாடி வைத்து வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே போர்டில் கை வையுங்கள்.